ஃப்ளோபேரின் அன்றாடக் கடிதங்கள்: பத்து மேற்கோள் போதாதா?

கேள்வி · 3 ஜூன், மாலை 6.15

பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேரின் கடிதங்கள் என்றாலே எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எடுத்துப் படித்தால் பாதி தலைவலி, பல்வலி. மீதி "இந்த வாரம் ஒரு பக்கம்தான் முடிந்தது". நல்ல வரிகள் ஒரு பத்து இணையத்திலேயே கிடைக்கின்றன. அது போதாதா? மொத்தத்தையும் யாராவது உண்மையிலேயே படித்திருக்கிறீர்களா, இல்லை சும்மா பேச்சா?

3 ஜூன், இரவு 11.20

மொத்தமும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் எழுதியதில் கிடைத்திருப்பதே நாலாயிரத்துக்கு மேல். நான் ஆயிரத்தைத் தாண்டியிருப்பேன். புதுச்சேரி மாலை வகுப்பில் கற்ற பிரெஞ்சு, பக்கத்தில் அகராதி, ரூவான் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பதிப்பு. ஓய்வுபெற்ற மனுஷனுக்கு வேறென்ன வேலை?

பல்வலி உண்மை, புலம்பல் உண்மை. அதற்காகத்தான் படிக்கணும் என்பது என் கட்சி. மேற்கோளை மட்டும் எடுப்பது பொரியலில் தேங்காய்ப்பூவை மட்டும் பொறுக்கித் தின்கிற மாதிரி.

ஒன்று சொல்கிறேன். 1846 ஆகஸ்ட், ஃப்ளோபேருக்கு 24 வயது. அந்த வருஷ ஆரம்பத்தில்தான் அப்பாவும், இரண்டு மாசம் கழித்துத் தங்கையும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தங்கை விட்டுப்போனது ஒரு கைக்குழந்தை. ரூவானுக்குப் பக்கத்தில், செய்ன் ஆற்றங்கரையில் க்ருவாஸே என்ற ஊரில் அம்மாவும் அந்தக் குழந்தையும் இவரும். பாரீஸுக்குப் போன இடத்தில், ப்ராதியே என்ற சிற்பியின் பட்டறையில் லூயிஸ் கொலேயைச் சந்திக்கிறார். கவிஞர், கல்யாணமானவர், இவரைவிட 11 வயது மூத்தவர். சில நாளில் ஊர் திரும்பினால் ரயிலடியில் அம்மா காத்திருக்கிறார், மகனைப் பார்த்ததும் அழுகிறார். அன்று ராத்திரியே லூயிஸுக்கு முதல் கடிதம். எழுதும்போது மேஜைமேல் எதிரே என்ன இருக்கிறது? அவளுடைய வீட்டுச்செருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன் என்று எழுதுகிறார்.

அந்தச் செருப்பைத்தான் 33 வருஷம் கழித்து, சாவதற்கு ஓராண்டு முன், இளம் எழுத்தாள நண்பர் மொப்பசான் கண்ணெதிரே அடுப்பில் போட்டார். இது எந்த மேற்கோளில் வரும்?

4 ஜூன், காலை 7.05

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அப்போது பிரான்சில் தபால்தலையே கிடையாது. தூரத்தை வைத்துக் கட்டணம், அதைக் கடிதம் பெறுகிறவர் கட்டணும். ஆக அந்தக் காதல் கடிதம் ஒவ்வொன்றுக்கும் லூயிஸ் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பாள். பிரான்சின் முதல் தபால்தலை 1849 ஜனவரி 1ஆம் தேதி. கறுப்பு நிறம், சீரெஸ் என்ற தானியத் தேவதையின் தலை, 20 சான்தீம். ஏழரை கிராம் வரை நாடெங்கும் ஒரே விலை. 1850இல் 25 ஆக்கினார்கள், 1854இல் திரும்ப 20.

ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபால் சேவையில், 31 வருஷம் சார்ட்டிங் செய்த ஆளுக்கு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும். மன்னிக்கணும்.

4 ஜூன், இரவு 9.50

"பத்து மேற்கோள் போதும்" என்கிறவருக்கு. அந்தப் பத்தில் முதல் இடத்தில் இருப்பது, அவருடைய "மதாம் பொவாரி" நாவலின் நாயகியை வைத்து, "மதாம் பொவாரி நான்தான்", சரியா? அது எந்தக் கடிதத்திலும் இல்லை. எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் இல்லை. அவர் செத்து முப்பது வருஷம் ஆகப்போகும்போது, ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னதாக அச்சேறிய வாக்கியம்.

கடிதத்தில் இருப்பது நேர் எதிர். 1856 கடைசியில் அந்த நாவல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்ததைப் படித்துவிட்டு, ஆன்ஜே நகரத்திலிருந்து மரி-சோஃபி லெருவாயே த ஷான்த்பி என்ற ஐம்பது தாண்டிய பெண்மணி எழுதுகிறார். கல்யாணம் ஆகாதவர், வீடு நிறைய அண்டி வாழும் ஆட்கள், பாவமன்னிப்பு கேட்கவே பயம், தூக்கம் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு கதைக்கு ஏதோ உண்மை ஆதாரம் இருக்கணும் என்று அவருக்குத் தோன்றுகிறது. 1857 மார்ச்சில் இவர் பதில்: இதில் உண்மைக்கதை எதுவும் கிடையாது, என் உணர்ச்சியையும் போடவில்லை, என் வாழ்க்கையையும் போடவில்லை, முழுக்கக் கற்பனை.

அந்த வருஷம்தான் ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டு, ஜனவரி 29இல் விசாரித்து, பிப்ரவரி 7இல் விடுதலை செய்திருந்தார்கள். ஊரெல்லாம் இவர் பேச்சு. அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு வாசகிக்கு உட்கார்ந்து பக்கம் பக்கமாக, எதைப் படிக்கணும், எப்படிப் படிக்கணும், மனசுக்கு என்ன மருந்து என்று எழுதுகிறார். பொழுதுபோக்குக்குப் படிக்காதீர்கள், வாழ்வதற்காகப் படியுங்கள் என்பது அவருக்கு எழுதியதுதான். கிட்டத்தட்ட இருபது வருஷம் கடிதம் ஓடியது. ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

5 ஜூன், காலை 6.40

தபால் கட்டணம் பற்றி மேலே எழுதியதில் திருத்தம். பெறுகிறவர் கட்டுவது பொது வழக்கம், ஆனால் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டவும் வழி இருந்தது. எல்லாம் லூயிஸ் தலையில் என்று எழுதியது என் அவசரம். நம்மூரில் தபால்தலை குறைந்தால் பெறுகிறவரிடம் இரட்டிப்பாக வசூலிப்போமே, அந்தப் பழக்கதோஷம்.

5 ஜூன், இரவு 10.30

தேதி. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுவேன்.

ஃப்ளோபேர் கடிதத்தில் தேதி போட மாட்டார். "சனி இரவு, 1 மணி." அவ்வளவுதான். மாசம் கிடையாது, வருஷம் கிடையாது. காரணம் தெளிவு: மத்தியானத்திலிருந்து நாவல், ராத்திரி வெகுநேரம் நாவல், அதை மூடி வைத்த பிறகுதான் கடிதம். அந்த நேரத்தில் கிழமை ஞாபகம் இருப்பதே பெரிது. அந்த ஜன்னல் விளக்கைக் குறியாக வைத்துத்தான் செய்ன் ஆற்றில் படகு ஓட்டுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதைகூட உண்டு.

விளைவு, பதிப்பாசிரியர்கள் பாடு திண்டாட்டம். உறை கிடைத்தால் தபால் முத்திரை. கிடைக்காவிட்டால் கடிதத்துக்குள் வரும் ஜலதோஷம், புயல், யாரோ ஒருவர் சாவு, நாவலில் எந்த அத்தியாயம் ஓடுகிறது என்பதையெல்லாம் கோத்துத் தேதி கட்டணும். எதைப் பற்றியும் இல்லாத ஒரு புத்தகம், நடையின் பலத்தாலேயே நிற்கிற புத்தகம் எழுத ஆசை என்று அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தலையில் இருப்பது "வெள்ளி மாலை" மட்டும்தான். 1852 ஜனவரி 16 என்பது பிறகு கண்டுபிடித்துப் போட்டது. காலண்டரைப் போட்டுப் பார்த்தேன், அன்று வெள்ளிக்கிழமைதான்.

ழான் ப்ருய்னோ என்ற அறிஞர் இதையே ஆயுள் வேலையாகச் செய்தார். ப்ளெயாத் என்ற பிரெஞ்சு செவ்வியல் நூல் வரிசையில் ஐந்து தொகுதி, முதல் தொகுதி 1973, கடைசி 2007. அது முடிவதற்குள் அவர் காலமாகி, இவான் லெக்லேர் முடித்துவைத்தார்.

முத்திரையில் மை சரியாக விழாதபோது 3ஆ 8ஆ என்று உறையை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். முத்திரையைத் தலைகீழாக அடித்து ஒருமுறை மெமோவும் வாங்கியிருக்கிறேன். ஆகையால் அந்த மனுஷன் உட்கார்ந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

6 ஜூன், மதியம் 1.15

மேலே ஒருவர்: "லூயிஸ் ஓயாமல் தொந்தரவு செய்தாள், அவர் தனிமையைக் காத்தார், அதனால்தான் நாவல் கிடைத்தது."

ஆமாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஐந்து நாளில் ஒரு பக்கம் என்று 1853இல் எழுதுகிற ஆளுக்கு வாரம் ஒருமுறை பாரீஸ் ஓட முடியுமா?

6 ஜூன், இரவு 11.45

மத்தியானம் எழுதியதை நானே மறுக்கிறேன்.

ரூவான்–பாரீஸ் ரயில் 1843லேயே வந்தாச்சு. சுமார் 140 கிலோமீட்டர், சில மணி நேரப் பயணம். விழுப்புரத்திலிருந்து சென்னை போகிற தூரம்கூட இல்லை. அப்படியிருந்தும் இவர் போவது எப்போதாவது. கேட்டால் அம்மா தனியாக இருக்கிறார். அவள் க்ருவாஸே வரட்டுமா என்றால் கூடாது. நடுவழியில் மாந்த் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் சந்திப்பு. அவள் கடிதம் நேராக வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று ஆரம்பத்தில் நண்பர் மக்ஸீம் து கான் வழியாக வரவழைத்தார். 24 வயது ஆள், அம்மாவுக்குத் தெரியாமல் தபால் வாங்குகிறார்!

1851 ஜூனில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் க்ருவாஸே வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளே விடவில்லை. ரூவானில் ஓட்டலுக்குப் போ, அங்கே வருகிறேன் என்று அனுப்பினார். அது நமக்குத் தெரிவது அவளுடைய குறிப்பேட்டிலிருந்து.

கடிதமோ அன்றாடம் போகிறது. எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். உன் கவிதையில் இந்த வரி சரியில்லை, இந்த உருவகம் அசிங்கம் என்று வரிவரியாகத் திருத்தம். அவளும் சாதாரண ஆள் இல்லை, பிரெஞ்சு அகாதெமியின் கவிதைப் பரிசை நாலு முறை வாங்கியவள். தானே எழுதிப் பிழைத்து ஒரு பெண்ணை வளர்த்தவள்.

எனக்கு இப்போது தோன்றுவது: அவர் தனிமைக்காகச் சந்திப்பைத் தள்ளிப்போட்டார் என்பது பாதிதான். கடிதம்தான் அவருக்குப் பிடித்த சந்திப்பு. எதிரே ஆள் இருந்தால் குறுக்கே பேசும். செருப்பு குறுக்கே பேசாது.

7 ஜூன், காலை 8.00

"மேலே இருப்பது ரொம்ப நக்கல்" என்று தனிச்செய்தி வந்தது. இருக்கலாம். ஆனால் 1853 டிசம்பர் 23ஆம் தேதிக் கடிதத்தைப் பாருங்கள். காட்டில் எம்மா பொவாரியும் காதலன் ரொதோல்ஃபும் குதிரையில் போகும் இடத்தை அன்று எழுதியிருக்கிறார். இன்று நான் ஆணாகவும் பெண்ணாகவும் இருந்தேன், குதிரையாகவும் இலையாகவும் காற்றாகவும் இருந்தேன் என்று ராத்திரி இரண்டு மணிக்கு லூயிஸுக்கு எழுதுகிறார். அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது அவள்தான். நக்கலை வாபஸ் வாங்கவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

7 ஜூன், இரவு 10.10

சொந்த விஷயம் ஒன்று. இழைக்குச் சம்பந்தம் இருக்கு, பொறுங்கள்.

கல்யாணமான புதிதில் எனக்கு ரயிலில் டூட்டி, வீட்டுக்காரம்மா அவங்க அம்மா வீட்டில். இன்லேண்டில் எழுதித் தள்ளுவேன். ஓரத்தில் மடிக்கிற பகுதியிலும் எழுதுவேன். அவங்க எழுதியதையெல்லாம் நான் ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் மாறியபோது திறந்தால் கரையான். கைப்பிடி மண்தான் மிச்சம். நான் எழுதியதை அவங்க டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாங்க. போன வருஷம் என் பெண் அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "என்னப்பா, நீங்களே பேசிக்கிட்டிருக்கீங்க. அம்மா என்னதான் சொன்னாங்க?"

என் கடிதத்தில் இருப்பதெல்லாம் "கேஸ் பதிஞ்சாச்சா", "நீ கேட்டதற்கு அடுத்த மாசம் பார்ப்போம்", "கோபப்படாதே". எதற்குக் கோபம், எதைக் கேட்டாள்? எனக்கே ஞாபகமில்லை.

லூயிஸுக்கும் இதே கதை. அவர் எழுதியதை அவள் ஒன்றுவிடாமல் வைத்திருந்தாள். அவள் எழுதியதில் ஏறக்குறைய எல்லாம் போச்சு. அதனால் நமக்குக் கேட்பது அவர் குரல் மட்டும். "நீ இப்படிச் சொல்கிறாய், அது நியாயமில்லை" என்கிறார். அவள் எப்படிச் சொன்னாள்? தொந்தரவு செய்தாள் என்று நாம் தீர்ப்புச் சொல்வது எதிர்க்கட்சிக்காரரின் வக்கீல் நோட்டீஸை மட்டும் படித்துவிட்டு. நானும் நேற்று மத்தியானம் அதைத்தான் செய்தேன்.

கடைசிக் கடிதம் 1855 மார்ச் 6. நேற்று மாலை மூன்று முறை என்னைத் தேடி வந்தீர்களாம், நான் இல்லை, இனி எப்போதும் இருக்க மாட்டேன், மேலும் வந்தால் அவமானப்பட நேரும் என்று நாலு வரி. "மதாம்" என்று ஆரம்பம், முடிவில் இரண்டு எழுத்துக் கையொப்பம். அந்தத் தாளிலேயே லூயிஸ் மூன்று வசவு எழுதி வைத்தாள்: கோழை, பயந்தாங்கொள்ளி, அயோக்கியன். எழுதிவிட்டுக் கிழிக்கவில்லை. அதையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.

8 ஜூன், மாலை 5.30

நேற்று ரொம்பக் கனமாகிவிட்டது. கொஞ்சம் சிரிக்கலாம்.

1849 கடைசியில் து கானோடு எகிப்து கிளம்பினார். அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம், ரூவானில் இருந்த நண்பர் லூயி புய்யேவுக்கு ஒரு கடிதம். அம்மாவுக்கு: பிரமிடு, சூரிய உதயம், நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம். புய்யேவுக்கு 1850 மார்ச்சில்: எஸ்னாவில் குச்சுக் ஹானெம் என்ற நாட்டியக்காரி வீட்டில் கழிந்த ராத்திரி, விளக்கம் தேவையில்லாத அளவு விளக்கமாக. விடுதிப் பையன் வீட்டுக்கு எழுதும் கடிதமும் கூட்டாளிக்கு எழுதும் கடிதமும், அதே சங்கதி.

கோபம் வந்தால் எழுத்துப்பிழை வேண்டுமென்றே செய்வார். பிரெஞ்சில் ஹகரம் வாயில் வராது. இவர் "கொதிப்பு" என்ற அர்த்தமுள்ள சொல்லுக்கு முன்னால் இல்லாத ஹகரத்தை வரிசையாகப் போடுவார். நாம் "அந்ந்ந்நியாயம்" என்று இழுக்கிற மாதிரி. "பிரம்மாண்டம்" என்பதையும் அப்படி ஊதிப் பெருக்குவார்.

8 ஜூன், இரவு 11.00

பெண் நாவலாசிரியர் ஜார்ஜ் சான்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்றால், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். இரண்டு பக்கமும் கிடைத்திருக்கும் அபூர்வம் அது, 400க்கும் மேல். அவர் 17 வயது மூத்தவர். ஃப்ளோபேர் அவரை விளிப்பது "மேத்ர்", ஆண்பால் ஆசானே, ஆனால் அடைமொழி மட்டும் பெண்பாலில். தமிழில் "அன்புள்ள குருநாதரம்மா" என்று வைத்துக்கொள்ளலாம், சரியாக வரவில்லை. அவரோ இவரை "என் பாணன்" என்ற பொருளில் கூப்பிடுவார். வெளியே போ, நட, இப்படி அடைந்து கிடக்காதே என்று சான்ட் சொல்வதும், இவர் அதை மட்டும் கேட்காததும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. எழுத்தாளன் தன் மனசைப் புத்தகத்தில் காட்டணுமா வேண்டாமா என்ற சண்டையும் அப்படியே. இரண்டு பேரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு நாளும் கசக்கவில்லை. இங்கே சண்டை போடுகிறவர்கள் கவனிக்க.

அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் ஒரு வேலைக்காரியின் கதையை எழுத ஆரம்பித்தார், அதுதான் "எளிய உள்ளம்". நடுவில், 1876 ஜூன் 8இல், சான்ட் இறந்தார். அடக்கத்தில் கன்றுக்குட்டி மாதிரி அழுதேன் என்று ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவுக்கு எழுதினார். ஜூலையில், அந்தக் கதையில் வரும் கிளிக்காக, ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து பஞ்சடைத்த கிளியை இரவல் வாங்கி வந்து மேஜையில் நிறுத்தியிருந்தார். மூணு வாரமாகக் காவல்காரன் மாதிரி நிற்கிறது, பார்க்கவே எரிச்சலாக வருகிறது, இருந்தும் வைத்திருக்கிறேன், மண்டைக்குள் கிளி நிறையணுமே என்று இன்னொரு தோழிக்கு எழுதுகிறார்.

9 ஜூன், காலை 9.20

கேள்வி கேட்டவர் மறுபடி: "சரி, இதெல்லாம் கிசுகிசு. எழுத்துக் கலை எங்கே?"

ஐயா, கலை அவர் தகவல் விசாரித்து எழுதிய கடிதங்களில் இருக்கு. 1868இல் எழுதிக்கொண்டிருந்த நாவலில் கதாநாயகன் 1848 ஜூன் கலவர நேரத்தில் பாரீஸிலிருந்து ஃபோன்தேன்ப்ளோ போய் வரணும். ரயிலில் அனுப்பிவிட்டார். பிறகு பார்த்தால் அந்தப் பாதையே 1849இல்தான் வந்திருக்கு. இரண்டு பகுதியைத் தூக்கிப் போட்டாச்சு, அப்போது எந்த வண்டி ஓடியது, எங்கிருந்து கிளம்பும் என்று நண்பர் துப்ளானுக்குக் கடிதம். வாசகர் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்களைப் போல ரயிலில் பிழைத்தவன் ஒருத்தன் கவனித்திருப்பான்.

1877இல் மொப்பசானைப் பிடித்துக்கொண்டார். கடைசி நாவலின் நாயகர்கள் பூவாரும் பெகுஷேயும் நடக்க ஒரு கடற்கரைப் பாறைச்சரிவு வேண்டும், எத்ரெத்தா பக்கம் எப்படி இருக்கு என்று விசாரணை. அந்தப் பக்கத்திலேயே வளர்ந்த பையன் படம் வரைந்தே பதில் அனுப்பினான். இதைவிட எழுத்துக் கலைக்கு என்ன பாடம் வேணும்?

9 ஜூன், இரவு 10.45

தங்கை விட்டுப்போன கைக்குழந்தை என்று முதலில் எழுதினேனே, கரோலின். அவளை வளர்த்ததும் பாடம் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். நம்மூர் கணக்கில் தாய்மாமன். அவளுக்கு எழுதும் கடிதங்களில் "உன் கிழ ஆயா" என்று கையொப்பம் போடுவார். ஆறடி உயரம், தொங்கு மீசை, ஆயா!

அவள் கணவர் கொமான்வில் மர வியாபாரி. 1875இல் தொழில் படுத்துவிட்டது. திவால் ஆகாமல் காப்பாற்றத் தாய்மாமன் தொவீலில் இருந்த பண்ணையை இரண்டு லட்சம் பிராங்குக்கு விற்றார். "மதாம் பொவாரி"க்கு பதிப்பாளர் முதலில் கொடுத்தது 800 பிராங்க் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கடைசி ஐந்து வருஷக் கடிதங்களில் பலவும் காசு பற்றி. பணம் வந்ததா, யார் ஜாமீன், இந்த மாசம் எப்படி. ஜாமீன் கையெழுத்துத் தகராறில் லபோர்த் என்ற அருமையான நண்பரை இழந்தார். 1879 ஜனவரியில் கால் எலும்பு முறிந்து கிடந்தபோது ராத்திரி கூடவே படுத்திருந்து, இவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக்கொடுத்த மனுஷன்.

நல்லதும் உண்டு. துர்கனேவ் சால்மன் மீனும் காவியாரும் அனுப்பினார். ரொட்டிகூட இல்லாமல், ஜாம் மாதிரி தின்கிறேன் என்று பதில் போகிறது.

அந்தக் கரோலின்தான் அவர் செத்தபின் முதல் தொகுப்பை வெளியிட்டாள், 1887 முதல் 1893 வரை நாலு தொகுதி. கெட்ட வார்த்தை வெட்டு, காசு விஷயம் வெட்டு. க்ருவாஸே வீட்டையும் விற்றாள். இடித்துச் சாராய ஆலை கட்டினார்கள். தோட்டத்து மண்டபம் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது.

10 ஜூன், காலை 7.30

"தாய்மாமன் சொத்தைத் தின்றுவிட்டுக் கடிதத்தையும் வெட்டினாளே" என்று ஒருவர். அவ்வளவு கடுமை வேண்டாம். வெட்டினாளே தவிர மூலத்தை எரிக்கவில்லை. எரித்தது மாமன்.

எழுத்தாளர் மெரிமே செத்த சில வருஷத்தில் அவர் ஒரு பெண்ணுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்து விற்றது. அதைப் பார்த்துப் பயந்துபோய் து கானும் ஃப்ளோபேரும் 1877இல் பேசி வைத்து, இளவயதுக் கடிதங்களைப் பரஸ்பரம் எரித்தார்கள். கரோலினுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஜூலியட் ஹெர்பர்ட்டுக்கு இவர் எழுதியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இத்தனைக்கும் 1870 கடைசியில் ப்ரஷ்யச் சிப்பாய்கள் க்ருவாஸேவில் தங்க வந்தபோது அவர் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தது என்ன தெரியுமா? நகையில்லை, வெள்ளிப் பாத்திரமில்லை. ஒரு பெரிய பெட்டி நிறையக் கடிதம்.

11 ஜூன், இரவு 9.15

1880 ஏப்ரல் 27. ரூவான் நண்பர்கள் வருஷாவருஷம் அவருக்குப் "புனித பொலிகார்ப் விழா" எடுப்பார்கள். "ஆண்டவரே, என்னை எந்தக் காலத்தில் பிறக்க வைத்தீர்" என்று அங்கலாய்த்த மகான் அவர், இவருக்குப் பொருத்தமான குலதெய்வம். அந்த வருஷம் விருந்துக்கு நடுவே கடிதமாக வந்து விழுந்தது, தந்தி வேறு. ரூவான் பேராயர், இத்தாலியக் கர்தினால்கள், மலக்குழி அள்ளுவோர், தரை மெழுகுவோர் சங்கம், சாமிச் சிலை விற்பவர் என்று எல்லாரிடமிருந்தும். எல்லாம் நண்பர்கள் எழுதிய போலி. மறுநாள் கரோலினுக்குக் குழந்தை மாதிரி குதூகலமாகப் பட்டியல் போட்டு எழுதினார். மே 8இல் இறந்தார்.

12 ஜூன், இரவு 11.50

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு தப்பு. ஒருவர் நாசூக்காகச் சுட்டினார். இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

1846 ஆகஸ்ட் கடிதங்களில் இருப்பது பழுப்பு நிறத்தில் சின்ன வீட்டுச்செருப்பு, ஒரு ஜோடி. மொப்பசான் 1890இல் எழுதியது: அந்த ராத்திரி ஃப்ளோபேர் கூப்பிட்டனுப்பினார், பெட்டி நிறையப் பழைய கடிதம், தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, நீ பக்கத்தில் உட்கார் என்றார். ஒவ்வொன்றாகப் படித்து அடுப்பில் போட்டார். அம்மாவின் கடிதம் வந்தபோது அழுதார். கடைசியில் நாடா கட்டிய சின்னப் பொட்டலம். உள்ளே பட்டில் ஒரு நடனச் செருப்பு, ஒற்றை. அதற்குள் வாடிய ரோஜா, லேஸ் வைத்த, மஞ்சளடித்துப்போன ஒரு பெண்ணின் கைக்குட்டையில் சுற்றி. மூன்றையும் முத்தமிட்டுவிட்டு எரித்தார். யாருடையது என்று மொப்பசான் பெயர் சொல்லவில்லை.

வீட்டுச்செருப்பும் நடனச் செருப்பும் ஒன்றல்ல. ஜோடிக்கும் ஒற்றைக்கும் வித்தியாசம். நான் இரண்டையும் ஒட்டவைத்து முதல் நாளே கதை விட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. 1846 கடிதத்தை மறுபடி எடுத்தேன். அந்தப் பழுப்புச் செருப்புக்குள்ளேயும் ஒரு கைக்குட்டை இருக்கிறது.

தூக்கம் வருகிறது. அகராதியை நாளைக்குத் தேடணும், பேத்தி எங்கேயோ எடுத்துப்போய்விட்டாள்.